உதடு கூடினால் போதுமா?

குழந்தை பிறந்த இல்லத்திற்குச் செல்வோர் முதலில் கேட்பது, "யார் ஜாடை?" என்பதே. தந்தையின் நெற்றி, பாட்டியின் மூக்கு, தாய்மாமனின் முகவாய் என்று உறவினர் ஆளுக்கொரு பங்கு கேட்டு மகிழ்வர். மேலுதடு பிளந்து பிறந்த குழந்தையின் வீட்டிலோ இவ்வினா எழுவதில்லை. துணியை விலக்கிப் பார்த்தவர் பேசாமல் மூடிவிடுகிறார். பெரியவர்களின் குரல் தாழ்கிறது. மருத்துவமனையிலிருந்து தாய் வீடு திரும்புமுன்பே, "இது யார் செய்த பாவம்?" என்னும் கேள்வி அவ்வீட்டு வாசலில் வந்து நின்றுவிடுகிறது.

அந்தக் குழந்தையைப் பற்றியும், அதன் பெற்றோரைப் பற்றியும் இம்மாதம் நம் வாசகக் குடும்பங்களோடு பேச விரும்புகிறோம். உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் எங்கோ ஒரு மூலையில் நிகழும் அதிசயங்கள் அல்ல. உலகில் பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழ 700 பேருக்கு ஒருவர் இக்குறையோடு பிறக்கின்றனர். ஆண்டுக்கு 70 திருமுழுக்குகள் நடைபெறும் பங்கு ஒன்றில், பத்தாண்டுகளுக்கு ஒரு குழந்தை என்பது கணக்கு. அவ்வாறாயின், நம் பங்குகளுள் பெரும்பாலானவற்றில் இத்தகைய பிள்ளை ஒன்றேனும் வளர்ந்து கொண்டிருக்கும். அல்லது வெளியே வராமல் வீட்டிற்குள் இருந்து கொண்டிருக்கும்.

பிளந்த உதட்டைத் தைத்துச் சீராக்க இயலும் என்பதை இன்று பலரும் அறிவர். ஆயினும், உதடு கூடியதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணி, மருத்துவமனைப் பக்கமே திரும்பாமலிருந்துவிடும் குடும்பங்கள் பல. முகம் நன்றாகிவிட்டது, புகைப்படத்தில் வடு தெரிவதில்லை, இனி என்ன குறை என்பது அவர்கள் எண்ணம். அந்தக் குழந்தை அங்கே இழப்பது தன் பேச்சை. இதனைத் தெளிவாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குற்றவாளியைத் தேட வேண்டா

நம் நாட்டார் இக்குறைக்கு வைத்த பழைய பெயர் 'கிரகண மூளி' என்பதாகும். கிரகண வேளையில் கருவுற்றவள் வெளியே வந்துவிட்டாள், அல்லது கத்தியை எடுத்துக் காய் நறுக்கிவிட்டாள், ஆகவே பிள்ளையின் உதடு அறுபட்டது என்பது நம்பிக்கை. கிறிஸ்தவ இல்லங்கள் இதற்கு விலக்கு என்று எவரும் சொல்ல மாட்டார். இந்நம்பிக்கையின் பாரம் முழுவதும் இறங்குவது ஒரே இடத்தில்தான்: பிரசவ வலி தீராத தாயின் தலைமேல். "அன்று நான் சொன்னேன், நீ கேட்கவில்லை" என்று மாமியார் சொல்லும் ஒரு வார்த்தையை அவள் வாழ்நாள் முழுவதும் சுமக்கிறாள்.

பிறவிக் குருடர் ஒருவரைக் கண்ட போது சீடர்களும் இவ்வாறே குற்றவாளியைத் தேடினர். ஆண்டவரோ அந்த மனிதரையும் அவர் பெற்றோரையும் ஒருங்கே விடுவித்தார்; பின்னர் செய்ய வேண்டிய செயலைச் செய்தார். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தைத் தவக்காலத்தில் கேட்கும் நாம், நம் வீட்டுத் தொட்டிலருகே மட்டும் அதனை மறந்துவிடலாகாது.

மருத்துவம் கூறுவதும் கேட்கத்தக்கது. தாயின் வயிற்றில் குழந்தையின் முகம் ஒரே துண்டாக வளர்வதில்லை. நெற்றிப் பக்கமிருந்து ஒன்று, மேல்தாடைக்கென இரு புறமும் இரண்டு, கீழ்த்தாடைக்கென இரண்டு என ஐந்து முகிழ்கள் தனித்தனியே வளர்ந்து, நடுவை நோக்கி நகர்ந்து, ஒன்றோடொன்று கூடுகின்றன. மேலுதடு இவ்வாறு கூடுவது கருவின் நான்காம் வாரத்திற்கும் ஏழாம் வாரத்திற்கும் இடையில். அண்ணம், அதாவது மேல்வாய், சற்றுப் பின்னர் அமைகிறது. இரட்டைக் கதவின் பலகைகளைப் போன்ற இரு தகடுகள் முதலில் நாவின் இரு புறமும் கீழ்நோக்கித் தொங்கிக் கொண்டிருக்கும். பின்னர் நா தாழ, அவை மேலெழுந்து கிடைநிலைக்கு வந்து நடுவில் ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டாம் வாரத்திற்குள் இப்பணி முடிந்துவிடுகிறது. ஏதோ ஓரிடத்தில் இக்கூடுதல் தடைப்படின், அவ்விடம் பிளவாக எஞ்சுகிறது.

இக்காலக் கணக்கை வாசகர்கள் கவனிக்க வேண்டும். உதடு அமையும் நாட்களில் தாயர் சிலர் தாம் கருவுற்றிருப்பதையே அறியார். ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ வந்த கிரகணம், எப்பொழுதோ அமைந்து முடிந்த உதட்டை எவ்வாறு பிளக்கும்?

காரணம் ஒன்றென்று சுட்ட இயலாது. பரம்பரைக் கூறுகள் பலவும் சூழ்நிலைகள் சிலவும் சேர்ந்து இதனை விளைவிக்கின்றன. கருவுற்ற காலத்தில் புகைத்தல், மது, கட்டுப்படாத நீரிழிவு, வலிப்பு நோய்க்குரிய மருந்துகளுள் சில ஆகியவை இவ்வபாயத்தை மிகுவிக்கின்றன. வலிப்பு நோய்க்கு மருந்துண்ணும் பெண்கள் இதனைப் படித்துவிட்டுத் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. வலிப்பே தாய்க்கும் சேய்க்கும் கேடு தரும். தாய்மையை எண்ணும் முன்பே மருத்துவரிடம் சொல்லி, வேண்டுமாயின் மருந்தை மாற்றிக்கொள்ளலாம். குறையற்ற பெற்றோருக்கு இத்தகைய குழந்தை ஒன்று பிறந்தபின், அடுத்த குழந்தைக்கும் அவ்வாறே நேரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரையே. எனவே அந்த மருமகளை ஒதுக்கவும், அடுத்த பிள்ளையை அஞ்சவும் நியாயம் ஏதுமில்லை.

ஐந்தாம் மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் பரிசோதனையில் உதட்டுப் பிளவு இப்பொழுது பல வேளைகளில் தெரிந்துவிடுகிறது. படத்தைக் கண்டு கலங்கிய குடும்பத்தார், "கலைத்துவிடலாமா?" என்று கேட்கும் நிலையும் உண்டு. உயிரைப் பற்றிய நம் திருச்சபையின் போதனையை வாசகர்கள் அறிவர். அதனோடு மருத்துவ உண்மை ஒன்றையும் அக்குடும்பம் அறிதல் வேண்டும்: உதட்டுப் பிளவு சீராக்கத்தக்க குறை. வேறு குறைகள் உடனுள்ளனவா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். முன்கூட்டியே தெரிந்ததால் பெற்றோருக்குக் கிடைப்பது நான்கு மாத அவகாசம். மருத்துவமனையைத் தேடிக்கொள்ளவும், பாலூட்டும் முறையைக் கற்கவும், உறவினரின் மனத்தைப் பண்படுத்தவும் அக்காலம் போதுமானது.

முதற் கவலை பால்

இக்குழந்தைகளுக்கு உதட்டினும் முந்திய ஆபத்து பசியால் வருவது. மேலுதடு மட்டும் பிளந்திருப்பின், குழந்தை பெரும்பாலும் தாயிடம் பாலருந்திவிடும். அண்ணமும் பிளந்திருப்பின் நிலைமை வேறு. பாலை உறிஞ்சுவதற்கு வாய்க்குள் காற்றை வெளியேற்றி இழுக்கும் விசை வேண்டும். மேல்வாயில் திறப்பிருந்தால் அவ்விசை உண்டாவதில்லை. குழந்தை மணிக்கணக்கில் முயன்று களைத்து உறங்கிவிடும். வயிறு நிறைந்ததென்று தாய் எண்ணுவாள். சில வாரங்களில் எடை குறைந்து, சளி பிடித்து, அறுவைச் சிகிச்சைக்குத் தகுதி பெறுமுன்பே குழந்தையை இழந்த குடும்பங்கள் உண்டு.

இதற்கான கருவி நம் பாட்டியர் கையிலேயே இருந்தது. பாலாடை என்றும் சங்கு என்றும் நாம் வழங்கும் அந்தச் சிறு பாத்திரத்தைக் குழந்தை மருத்துவர்கள் இன்றும் பரிந்துரைக்கின்றனர். தாய்ப்பாலைச் சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சி எடுத்து, பாலாடையாலோ கரண்டியாலோ சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். அவ்வேளையில் குழந்தையைப் படுக்க வைக்கலாகாது. தலை உயர்ந்து, ஏறத்தாழ உட்கார்ந்த நிலையில் மடியில் இருத்துதல் வேண்டும். காற்றை மிகுதியாக விழுங்குவதால், இடையிடையே தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்ய வேண்டும். மூக்கின் வழியே சிறிது பால் வந்தால் அஞ்சி நிறுத்திவிட வேண்டா. சற்றுப் பொறுத்துத் துடைத்துவிட்டுத் தொடரலாம். ஒரு வேளைப் பாலூட்டல் அரை மணி நேரத்தைக் கடந்தால் குழந்தை உண்பதைவிட உழைப்பதே மிகுதியாகிவிடும். வாரந்தோறும் எடை பார்த்துக் குறித்து வைத்தல் நன்று.

இந்த எடைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் தொடர்புண்டு. 'பத்துகளின் விதி' என்று மருத்துவர் நெடுங்காலமாகச் சொல்லி வருவது ஒன்று: குழந்தைக்குப் பத்து வாரம் நிறைந்திருக்க வேண்டும், பத்துப் பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ எடை வேண்டும், குருதியில் ஹீமோகுளோபின் பத்து கிராம் அளவிற்கு இருக்க வேண்டும். பாலாடை கொண்டு தாய் புகட்டும் ஒவ்வொரு துளியும் அந்த நாளை அருகில் கொணர்கிறது.

ஊசியும் நூலும் வந்த வழி

பிளந்த உதட்டைத் தைக்கும் கலை நேற்றுத் தோன்றியதன்று. நான்காம் நூற்றாண்டின் சீன நாட்டில், ஜின் அரச மரபின் காலத்தில், வெய் யோங்சி என்னும் ஏழை இளைஞர் பிளந்த உதட்டோடு வாழ்ந்தார். ஆளுநர் ஒருவரிடமிருந்த மருத்துவர் இதனைச் சீராக்குவார் என்று கேள்வியுற்று, பதினெட்டு வயதில் அவரைத் தேடிச் சென்றார். வெட்டித் தைத்த பின் நூறு நாட்கள் கஞ்சி மட்டுமே உண்ண வேண்டும், சிரிக்கவும் பேசவும் கூடாது என்று மருத்துவர் எச்சரித்தார். பாதி ஆயுள் பேசாதிருக்க நேர்ந்தாலும் தாம் உடன்படுவதாக இளைஞர் கூறினாராம். உதடு கூடியது, பின்னாளில் அவரே ஓர் ஆளுநராக உயர்ந்தார் என்று சீன வரலாற்று நூல் கூறுகிறது.

அண்ணத்தைத் தைப்பது இதனினும் கடினம். 1819ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஃபிலிபேர் ரூ என்னும் அறுவை மருத்துவர், கனடாவிலிருந்து படிக்க வந்திருந்த ஜான் ஸ்டீபன்சன் என்னும் மருத்துவ மாணவரின் பிளந்த மென்னண்ணத்தைத் தைத்து மூடினார். மயக்க மருந்து வழக்கிற்கு வர இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. விழித்த நிலையிலேயே வாயைத் திறந்துகொண்டு அந்த இளைஞர் அதனைத் தாங்கினார். அவர் வேண்டியது அழகை அன்று. பிறர் புரிந்துகொள்ளும் பேச்சை. தம் அனுபவத்தையே ஆய்வேடாக எழுதிப் பட்டம் பெற்ற அவர், பின்னர் மான்ட்ரியல் நகரில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய நால்வருள் ஒருவரானார். மெக்கில் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறை அதிலிருந்து வளர்ந்ததே.

உதட்டு அறுவையில் இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறைகளுள் முதன்மையானது அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் மில்லார்டு வகுத்தது. கொரியாவில் படைப்பிரிவோடு பணிபுரிந்த காலத்தில் அவர் இதனைச் சிந்தித்தார். 1955ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்த மாநாட்டில் எடுத்துரைத்தார். அதன் அடிப்படை எளியது. பிளந்த உதட்டில் தசையும் தோலும் பெரும்பாலும் உள்ளன; அவை தத்தம் இடத்திற்கு வந்து சேரவில்லை. ஆகவே ஒரு புறத்தைச் சுழற்றிக் கீழிறக்கி, மறுபுறத்தை முன்னகர்த்தி, தசையைத் தசையோடும் தோலைத் தோலோடும் சேர்த்தால் உதடு தன் வடிவைப் பெறும். வடுவும் மூக்கின் கீழ் இயல்பாக உள்ள மேட்டுக் கோட்டோடு ஒன்றிவிடும்.

'அப்பா' என்று சொல்ல என்ன வேண்டும்?

இனிதான் நாம் வலியுறுத்த விரும்பும் செய்தி. உதடு முகத்தில் உள்ளது; எவரும் காண்பர். அண்ணம் வாய்க்குள் உள்ளது, எவரும் காணார். காணாத குறையை மறப்பது எளிது.

அண்ணத்தின் பணியை அறியத் தமிழிலக்கணமே நமக்குத் துணை. எழுத்துகள் பிறக்கும் இடங்களை ஆராய்ந்த தொல்காப்பியர் இதழ், நா, பல், மூக்கு என்பவற்றோடு அண்ணத்தையும் எண்ணினார். மெல்லின எழுத்துகளான ங, ஞ, ண, ந, ம, ன ஆகியவற்றை ஒலிக்கும்போது காற்று மூக்கின் வழியே செல்கிறது. வல்லின எழுத்துகளான க, ச, ட, த, ப, ற ஆகியவற்றுக்கோ மூக்கின் வழி அடைபட வேண்டும். அண்ணத்தின் பின்பகுதியான மென்னண்ணம் மேலெழுந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டு அதனை அடைக்கிறது. அப்பொழுதே வாய்க்குள் காற்று அழுந்தி, வெடித்து, வல்லோசையாக வெளிவருகிறது.

அண்ணம் பிளந்த குழந்தைக்கு இந்தக் கதவு சாத்தப்படுவதில்லை. 'அப்பா' என்று சொல்ல முயல்கிறது. காற்று மூக்கின் வழியே கசிந்து 'அம்மா' போல ஒலிக்கிறது. 'தாத்தா' என்பது வேறேதோ ஆகிறது. தான் சொல்வது பிறருக்கு விளங்கவில்லை என்று கண்ட குழந்தை, வாயில் பிறக்க வேண்டிய ஒலிகளைத் தொண்டையிலேயே அடைத்து அடைத்து எழுப்பப் பழகுகிறது. இப்பழக்கம் ஊன்றிவிட்டால், பின்னர் அண்ணத்தை மூடினாலும் தானாக அகலுவதில்லை. நன்றாகத் தைத்த வாயிலிருந்தும் பழைய பேச்சே வரும்.

எனவே அண்ண அறுவைக்குக் காலம் மிக முக்கியம். குழந்தை சொற்களைப் பேசத் தொடங்குமுன், பொதுவாக ஒன்பது மாதம் முதல் பதினெட்டு மாதத்திற்குள், அதனை மூடிவிடுவது நலம். இன்னும் முந்திச் செய்வது நன்மையா என்பதை ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் மருத்துவர்கள் ஆராய்ந்து 2023ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். அண்ணம் மட்டும் பிளந்து, மற்றபடி நலமாயிருந்த குழந்தைகளே அவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். ஆறு மாதத்தில் அறுவை செய்யப்பட்டோருள் ஐந்து வயதில் மென்னண்ணம் சரிவர மூடாதிருந்தோர் நூற்றுக்கு 8.9 பேர்; பன்னிரண்டு மாதத்தில் செய்யப்பட்டோருள் 15 பேர். ஆறு மாதக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கத் தேர்ந்த வசதி வேண்டும். ஆகவே எந்த மாதம் என்பதை மருத்துவரே முடிவு செய்வார். ஆனால் "பள்ளிக்குச் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்னும் எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை இவ்வெண்கள் காட்டும்.

அறுவைக்குப் பின் பேச்சுப் பயிற்சி தேவைப்படும் குழந்தைகள் பலர். பயிற்சியாளர் வாரத்தில் ஒரு மணி நேரமே இருப்பார். தாயும் தந்தையும் பாட்டியும் நாள் முழுவதும் இருப்பர். பாப்பா, காக்கா, தாத்தா, பட்டு, தட்டு என்று வல்லினம் நிறைந்த சொற்களை விளையாட்டாகச் சொல்ல வைக்கலாம். அவ்வேளை மூக்கின் கீழே சிறு கண்ணாடியைப் பிடித்துப் பார்க்கலாம். கண்ணாடி மங்கினால் மூக்கின் வழியே காற்று கசிகிறது என்று பொருள். அதனைப் பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும். பலூன் ஊதுவதும் ஊதல் ஊதுவதும் பேச்சைத் திருத்தும் என்று சிலர் கூறுவர். பேச்சு பேசிப் பழகுவதாலேயே திருந்தும், ஊதுவதால் அன்று. முறையான பயிற்சிக்குப் பின்னும் காற்றுக் கசிவு நிற்காத குழந்தைகள் சிலருக்கு மற்றோர் அறுவை வேண்டியிருக்கும். அது முதல் மருத்துவரின் தோல்வி என்று கருத வேண்டியதில்லை.

செவியையும் மறக்கலாகாது. மென்னண்ணத்தை இயக்கும் தசைகளே நடுச்செவியின் காற்றுக் குழலையும் திறக்கின்றன. அவை சரியாக இயங்காததால் செவிப்பறையின் பின் நீர் கட்டி, கேட்கும் திறன் குறையும். சரிவரக் கேளாத குழந்தை சரிவரப் பேசாது. ஆதலின் இக்குழந்தைகள் அனைவருக்கும் செவிப் பரிசோதனை வேண்டும்.

வளர வளர

இப்பயணம் நீண்டது என்பதைப் பெற்றோர் தொடக்கத்திலேயே அறிந்துகொண்டால் இடையில் தளரமாட்டார்கள். மூன்று மாதமளவில் உதடு. ஒரு வயதையொட்டி அண்ணம். பின்னர் பேச்சும் செவியும். பல் ஈறும் பிளந்திருப்பின், எட்டு முதல் பதினொரு வயதிற்குள், கோரைப்பல் முளைக்குமுன், இடுப்பெலும்பிலிருந்து சிறிது எலும்பை எடுத்து அப்பள்ளத்தை நிரப்புவர். அப்பொழுதே அப்பல் ஊன்றி நிற்க இடம் கிடைக்கும். பின்னர் பல் வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டுவர். மேல்தாடை பின்தங்கி, கீழ்த்தாடை முன்துருத்தி நிற்குமாயின், முக எலும்புகள் வளர்ந்து முடிந்தபின் தாடையை நகர்த்தி அமைக்கும் அறுவையும், மூக்கைச் சீராக்கும் அறுவையும் செய்யலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவை அனைத்தும் தேவைப்படும் என்பதில்லை.

இவ்வளவையும் ஒருவரே செய்ய இயலாது. அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், குழந்தை மருத்துவர், பல் மருத்துவர், செவி மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ்க் கூடி ஒரு பிள்ளையைப் பதினெட்டு ஆண்டுகள் பின்தொடர வேண்டும். அத்தகைய இல்லம் ஒன்று நம் அண்டையிலேயே உருவானது. கேரளத்தில் திருச்சூர் மறைமாவட்டத்திற்குரிய ஜூபிலி மிஷன் மருத்துவமனைக்கு 1959ஆம் ஆண்டு ஹிர்ஜி அடென்வாலா என்னும் இளம் மருத்துவர் வந்தார். அவர் பார்சி மரபினர், ஜரதுஷ்டிர சமயத்தவர். பம்பாயில் தமக்குக் கற்பித்த மருத்துவர் சார்லஸ் பின்டோவின் பெயராலேயே பிளவுச் சிகிச்சை மையத்தை அங்கே அமைத்து, நெடுங்காலம் அம்மருத்துவமனையிலேயே பணிபுரிந்தார்; 2020ஆம் ஆண்டு மறைந்தார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு உதடும் அண்ணமும் அமைத்துக் கொடுத்த அவர், தம்மைப் போன்ற மருத்துவர் பலரையும் பயிற்றுவித்தார். கத்தோலிக்க மருத்துவமனையில், வேற்றுச் சமயத்தவர் ஒருவர், எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் அறுபதாண்டுகள் செய்த இத்தொண்டு நமக்கெல்லாம் ஒரு பாடம்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் பிறவிக் குறைகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்புகிறது. உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் அப்பட்டியலில் உள்ளன. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ சொன்னால் வழி காட்டுவர். 1999இல் தொடங்கிய 'ஸ்மைல் டிரெயின்' என்னும் அமைப்பு, உள்ளூர் மருத்துவர்களைக் கொண்டே இவ்வறுவைகளை இலவசமாகச் செய்விக்க நம் நாட்டின் மருத்துவமனைகள் பலவற்றிற்கு உதவுகிறது. எங்கே சென்றாலும் பெற்றோர் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: "உதட்டுக்குப் பின் அண்ணத்தையும் பேச்சையும் இங்கே யார் பார்ப்பார்?" விடை தெளிவாக வரும் இடமே நல்ல இடம்.

பங்கின் கடமை

பங்குச் சமூகம் செய்யத்தக்கவை பல. இத்தகைய குழந்தையின் திருமுழுக்கை, "உதடு கூடட்டும், பிறகு பார்க்கலாம்" என்று வெட்கத்தால் தள்ளிப்போடும் பெற்றோருக்கு, ஞானத் தாய் தந்தையராக முன்வருவோர் துணிவூட்டலாம். மருத்துவமனைக்குச் சென்று வருவதென்றால் தினக்கூலி வாங்கும் தந்தைக்கு ஒரு நாள் கூலி போகும். பேருந்துச் செலவும் சேரும். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பல குடும்பங்கள் செல்லாமலிருப்பதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று, இச்செலவுமாகும். வின்சென்ட் தே பவுல் சபையாரும் மாதர் சங்கத்தினரும் ஒரு பிள்ளையின் பயணச் செலவை ஏற்றுக்கொண்டு, அடுத்த தேதியை நினைவூட்டினால், அதுவே பெரிய மருத்துவம்.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். மூக்கால் பேசும் சிறுவனைப் பிற பிள்ளைகள் பழித்துக் காட்டும்போது கண்டும் காணாதிருக்கலாகாது. அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். அவன் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். வாசகம் வாசிக்கவும் பாடவும் அவனுக்கும் முறை வரட்டும். அவனுடைய அறிவில் குறையில்லை. காற்றின் வழியில்தான் குறை.

சிகிச்சை பெறாமலே வளர்ந்துவிட்டவர்களும் நம்மிடையே உள்ளனர். திருமணப் பேச்சு வரும்போதெல்லாம் பின்கட்டில் நிறுத்தப்படும் பெண்ணும், கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே ஆலயத்தின் கடைசி வரிசையில் நிற்கும் இளைஞனும் நம் கண்ணில் பட்டிருப்பர். அவர்களுக்கும் காலம் கடந்துவிடவில்லை. உதட்டை எந்த வயதிலும் சீராக்கலாம், அண்ணத்தையும் மூடலாம். பேச்சு முழுவதும் தெளிவடையும் என்று உறுதி கூற இயலாது. ஆயினும் உண்ணவும் பருகவும், பிறர் முகம் பார்த்துப் பேசவும் அது உதவும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு உதடு கூடிவிட்டதென்றால் இறைவனுக்கு நன்றி கூறுங்கள். பிறகு அதன் வாயைத் திறந்து மேல்வாயைப் பாருங்கள். பேசச் சொல்லிக் கேளுங்கள். 'அப்பா' என்னும் சொல் 'அப்பா' என்றே ஒலிக்கிறதா? ஐயமிருப்பின், மருத்துவமனைச் சீட்டை மீண்டும் எடுங்கள். அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டா.